கட்டங்களுக்குள் ஆடியவள்

தன் மகளை வரைந்த ஓவியத்தை ஊர் பார்க்கக் கூடாதென்று சுவரிலிருந்து இறக்க வைத்த என் அப்பாவின் தாத்தா, அதற்காக முதலில் பென்சிலில் போட்ட கோட்டுப்படத்தை மட்டும் ஏன் வீட்டுக்குக் கொண்டுவந்தார்? எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

அலோன் பேட்டையில் இருந்த எங்கள் வீட்டுக் கூடத்தில் அப்பாவின் முன்னோர் படங்களோடு அதுவும் தொங்கியது. முழங்கால் தெரியும் கவுனில் ஒரு பெண் ஆடுவாள்; பின்னால் ஒருவர் சாக்ஸபோன் ஊதுவார். தாள் முழுக்கச் சின்னச் சின்னக் கட்டங்கள். அவள் ஜன்னல் கம்பிக்குப் பின்னால் ஆடுகிறாள் என்றே நினைத்திருந்தேன்.

அவளுக்கு மட்டும் மாலை போடுவதில்லை. எனக்கு ஏழு வயதிருக்கும்போது, ஓர் ஆடி அமாவாசைக்கு அம்மா போட்டுவிட்டாள். நகரின் மறுகோடியில் இருந்த தின்கன்ஜூன் பேட்டையிலிருந்து வந்த பெரியப்பா செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றுவிட்டார்.

"இந்த ஆட்டக்காரிக்கு யாரும்மா பூ வெச்சது?"

"நான்தான் மாமா. உங்க தாத்தாவுக்கு மகதானே?" என்றாள் அம்மா.

"மகதான். கிளப்புல இவ படத்தை மாட்டினப்போ நம்மாளுங்களைக் கூட்டிட்டுப் போயி இறக்க வெச்சது யாரு? பக்கத்துல மாலையோட இருக்காரே, அவருதான். இவளைத் தலைமுழுகினவரு."

"அப்போ இதை யாரு கொண்டாந்து மாட்டினது?"

"அதுவும் அவருதான்." பெரியப்பாவின் குரல் இறங்கியது. "பெருசா வரையறதுக்கு முன்னாடி கட்டம் போட்டுப் பார்த்த தாளாம். விடும்மா, நல்ல நாளும் அதுவுமா."

அப்பா ஸ்டூலில் ஏறி மாலையை எடுத்தார்.

படையல் முடிந்தபின் அடுப்படியில் தனியாக ஓர் இலையைக் கண்டேன். சோறு, வாழைக்காய்ப் பொரியல், வடை. எனக்குத்தான் என்று கை நீட்டினேன். அம்மா தட்டிவிட்டாள்.

"யாருக்கும்மா?"

"கத்தாதடி. பெரியப்பா காதுல விழும்."

வடை கிடைக்காததற்கு அழுதேன். வேறு வீட்டிலிருந்து வந்த அம்மாவுக்கு, பார்த்தே இராத ஒருத்தி மேல் ஏன் அத்தனை பிடிவாதம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

இப்போது அந்தப் படம் என்னிடம் இருக்கிறது. ஆடி அமாவாசை வருகிறது. என் மாமியார் நல்லவர். அவர் வீட்டு முன்னோர் வரிசையில் இவளை வைக்கிறேன் என்று எப்படிக் கேட்பது? கேட்காமல் விடவும் மனம் வரவில்லை. அம்மாவைப் போல ஒளித்துப் படைத்தால், எதையும் உற்றுப் பார்க்கும் என் மகள் அதிலிருந்து என்ன கற்றுக்கொள்வாள்? விவரம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.