அம்மா அடிக்கச் சொன்ன சொல்

சமாதானக் காலம் முடிந்து சண்டை மறுபடி தொடங்கியிருந்த நாள்களில், எங்கள் பள்ளிமுனைச் சனம் சிங்களச் சொற்களைச் சுமந்துகொண்டு மன்னார் பட்டினத்துக்குள் போனும் இன்ரநெற்றும் வைத்திருந்த ஒரு கொமினிக்கேசன் கடைக்குப் போகும். மீன் கொண்டுபோவது மாதிரித்தான், கெட்டுப்போகுமுன் சேர்த்துவிட வேண்டும். எங்கேயோ காதில் விழுந்த சொல்லை மறந்துவிடாமல் இருக்க, வழி முழுக்க வாய்க்குள் சொல்லிக்கொண்டே வருவார்கள். எதிரில் வருகிறவர் சுகம் விசாரித்தால் தலையை மட்டும் ஆட்டுவார்கள்.

கடையில் இருந்த கணினி ஒன்றில் அகராதிப் பக்கமொன்று எந்நேரமும் திறந்தே கிடக்கும். வெள்ளைப் பக்கம், நடுவில் நீளமாக ஒரு பெட்டி, அவ்வளவுதான். படமில்லை, விளம்பரமில்லை. சிங்களச் சொல்லை இங்கிலீசு எழுத்தில் அடித்தால் கீழே தமிழில் கருத்து வந்து நிற்கும். லைன் இழுபட்டு இழுபட்டு வந்த அந்தக் காலத்திலும் அது மட்டும் கேட்டவுடன் பதில் சொல்லும்.

ஆனால் சனம் அதைத் தேடிப் போனது வேகத்துக்காக மட்டும் அல்ல. அந்த நாள்களில் எதைக் கேட்கப் போனாலும் முதலில் எங்களைத்தான் கேட்பார்கள். அடையாள அட்டை எங்கே, எந்த ஊர், ஆரைப் பார்க்க, எதற்கு. கடலுக்குப் போகப் பாஸ், பாலம் தாண்டப் பாஸ். அந்தப் பெட்டி ஒன்றுதான் ஒன்றையும் கேட்கவில்லை. இந்தச் சொல்லை உனக்கு ஆர் சொன்னது, எந்த வாசலில் நின்று வாங்கி வந்தாய் என்று விசாரிக்கவில்லை. கருத்தைச் சொல்லிவிட்டு, ஐயோ பாவம் என்று முகத்தைப் பார்க்கவும் இல்லை.

அப்பாவைக் கரையில் வைத்துத்தான் பிடித்தார்கள். ஆமி பாஸ் பார்க்கிற இடத்தில் வரிசையில் நின்றவர்களில் அவரை மட்டும் தள்ளி நிற்கச் சொன்னார்களாம். பாஸில் ஒரு குறையும் இல்லை. கூட நின்றவர்கள் வள்ளத்தை இறக்கிக்கொண்டு போய்விட்டுப் பின்னேரம் வந்து எங்களுக்குச் சொன்னார்கள். அன்றைக்கு நல்ல மீன் பட்டதாகவும் சொன்னார்கள்.

அதன் பிறகு அம்மா ஆமிக் காம்ப் வாசலே கதி என்று ஆனார். என்னையும் கூட்டிக்கொண்டு போவார். சின்னப் பிள்ளையைக் கண்டால் இரங்குவார்கள் என்று ஆரோ சொல்லியிருந்தார்கள். கூடுதலாக இரங்கட்டும் என்று எனக்கு இருந்ததிலேயே பழைய சட்டையைப் போட்டுவிடுவார். வாசலில் நிற்பவன் ஒவ்வொரு முறையும் "ஹெட்ட என்ன" என்பான். நாளைக்கு வா. சிங்களத்தில் 'என்ன' என்றால் வா என்பதை நான் அந்த வாசலில்தான் கற்றேன். நாங்களும் நாளைக்குப் போவோம்.

ஒருநாள் வாசலில் வேறு ஒருவன் நின்றான். மீசை சரியாக அரும்பாத பெடியன். அம்மா அப்பாவின் பெயரைச் சொன்னதும் அவன் உள்ளே போகவில்லை, புத்தகத்தைப் புரட்டவில்லை. இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, என் கால்களைப் பார்த்தபடி சொன்னான்.

"எயா மேருணா. என்ன எபா."

எயா என்றால் அவர். என்ன எபா என்றால் வரவேண்டாம். நடுச்சொல்தான் எனக்கு விளங்கவில்லை. சோளகக் காற்று மண்ணை அள்ளி வீசிக்கொண்டிருந்தது. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு விறுவிறு என்று நடந்தார். நான் அந்தச் சொல்லைக் கீழே போட்டுவிடாமல் வாய்க்குள் வைத்துக்கொண்டு கூடவே ஓடினேன்.

எங்கள் ஒழுங்கை முனையில் ஒரு முஸ்லிம் ஆள் பாண், பணிஸ் சுட்டு விற்கும் கடை வைத்திருந்தார். நானா என்றுதான் கூப்பிடுவோம். புத்தளத்தில் அகதியாக இருந்துவிட்டுச் சமாதானக் காலத்தில் திரும்பி வந்தவர். சிங்களம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு.

"நானாட்டக் கேப்பமே, அம்மா?"

"வேண்டாம்."

"அவருக்குத் தெரியும்தானே?"

"அவருக்குத் தெரியும். அதுதான் வேண்டாம். கொமினிக்கேசனுக்குப் போவம். நீ அடி."

அம்மாவுக்கு இங்கிலீசு எழுத்துத் தெரியாது. எனக்குத் தெரியும் என்பதில் எனக்குப் பெரிய பெருமை. கடைக்கார அண்ணா கதிரையை இழுத்துப் போட்டுவிட்டு ஒதுங்கி நின்றார். நான் முதல் எழுத்தை அடித்துவிட்டு அடுத்த எழுத்தைத் தேடினேன்.

"என்ன அடிக்கப் போறாய்?" அம்மா கேட்டார்.

"மேருணா."

"மே இல்லை. மாருணா எண்டு சொன்னவன்."

"இல்லையம்மா, மே எண்டுதான்..."

"நான் பக்கத்தில நிண்டனான். மாருணா. அடி."

நானும் பக்கத்தில்தான் நின்றேன். ஆனாலும் அடித்தேன். பெட்டி அதை மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது.

"வாசி."

"இடமாற்றம்."

"பெலத்து வாசி."

"இடமாற்றம்!"

அம்மா அண்ணாவின் பக்கம் திரும்பினார். "இடம் மாத்திப்போட்டாங்கள். அதுதான் இனி இஞ்ச வரவேண்டாம் எண்டவன்." அண்ணா "ஓம் அக்கா" என்றார்.

எனக்கு விளையாட்டு முடியவில்லை. "மற்றதையும் அடிச்சுப் பாக்கட்டே?" என்று கேட்டுக்கொண்டே கையை வைத்தேன். அம்மா தன் உள்ளங்கையை விரித்து எழுத்துகளின் மேல் அப்படியே அமுக்கினார். பெட்டிக்குள் ஒரே எழுத்து வரிசையாக ஓடியது.

"காணும்," என்றார். "ஒரு சொல்லுக்கு ஒரு கருத்துக் காணும்."

அண்ணா குனிந்து அந்த எழுத்துகளை அழித்தார். "எழும்புங்கோ தங்கச்சி, ஆக்கள் பாத்துக்கொண்டு நிக்கினம்," என்றார். படியில் ஒரு கழுதை நின்றதைத் தவிர அங்கே ஒருவரும் இல்லை. நான் எழுத்துப் பிழை விட்டுவிட்டேன், அதற்குத்தான் இருவருக்கும் கோபம் என்று நினைத்துக்கொண்டேன்.

திரும்பும் வழியில் அம்மா கண்ட எல்லோருக்கும் சொன்னார். பாண் கடை நானாவுக்கும் சொன்னார். "இடம் மாத்திட்டாங்களாம் நானா." அவர் எந்தச் சொல்லைச் சொன்னார்கள் என்று கேட்கவில்லை. "அல்லா காப்பாத்துவான், தங்கச்சி," என்று சொல்லி எனக்கு ஒரு பணிஸ் தந்தார்.

இடம் மாறியவரை இடம் இடமாகத் தேடினோம். வவுனியாவுக்குப் போனோம், அனுராதபுரத்துக்குப் போனோம், கொழும்புக்கும் போனோம். எங்கேயும் அப்பாவின் பெயர் இல்லை. சண்டை முடிந்தது, அப்பா வரவில்லை. மரணச் சான்றிதழ் எடுத்தால் உதவி கிடைக்கும் என்று அரசாங்கக் கந்தோரில் சொன்னபோது அம்மா கதிரையை விட்டு எழும்பி வந்துவிட்டார். அப்பாவின் ஆத்துமாவுக்கு ஒரு பூசை ஒப்புக்கொடுக்கலாமே என்று எங்கள் மாதா கோயில் பங்குச் சுவாமி மெல்லக் கேட்டார். "உசிரோட இருக்கிற மனிசனுக்கு என்ன பூசை, சுவாமி?" என்றார் அம்மா. சுவாமி அதன் பிறகு கேட்கவில்லை.

பெரிய வகுப்புக்குப் போனபோது எங்களுக்குச் சிங்களம் படிப்பிக்க ஒரு ரீச்சர் வந்தார். அந்தச் சொல்லும் ஒருநாள் கரும்பலகைக்கு வந்தது. மேருணா என்றால் செத்துப்போனார். அந்தப் பெடியன் எதைச் சொன்னான் என்று இன்றைக்கு ஆரும் நிரூபிக்க முடியாது. காற்று பலமாகத்தான் இருந்தது. நான் வீட்டில் வாய் திறக்கவில்லை. அம்மாவுக்கும் அந்தச் சொல்லின் கருத்து தெரியாது என்றே அப்போதும் நம்பிக்கொண்டிருந்தேன்.

கொமினிக்கேசனுக்குப் போய்வந்த அன்று மாலை நாங்கள் வழமைபோல முழங்காலில் நின்று செபமாலை சொன்னோம். முடிவில், அப்பா சுகமாகத் திரும்பி வர ஒரு பரலோக மந்திரமும் ஒரு அருள்நிறை மந்திரமும் சொல்வது வழக்கம். அதையும் சொன்னோம். நான் எழும்பப் போனேன். அம்மா எழும்பவில்லை.

"இன்னொண்டு சொல்லுவம்."

"ஆருக்கம்மா?"

அம்மா மாதா சுருவத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"ஒருத்தரும் பூசை குடுக்காத ஆத்துமாக்களுக்கு."

அன்றிலிருந்து ஒருநாளும் அதை விட்டதில்லை. எனக்கோ முழங்கால் நொந்தது, பசியும் எடுத்தது. ஊர் பேர் தெரியாத ஆரோ செத்தவர்களுக்காக நாங்கள் ஏன் இவ்வளவு நேரம் முழங்காலில் நிற்கவேண்டும் என்று மனதுக்குள் புறுபுறுத்தபடி, அம்மாவை முந்திக்கொண்டு வேகம் வேகமாகச் சொல்லி முடித்தேன்.