அப்பா விட்ட பெனால்டி

எங்கள் தெரு ஃபுட்பால் டீம் தோற்பதற்கென்றே ஆடுகிறது என்று பெங்களூர் காக்ஸ் டவுனில் எல்லோரும் சொன்னார்கள். சொன்ன ஒவ்வொருவரோடும் நான் சண்டைக்குப் போயிருக்கிறேன். பத்து வயதில் என்னைவிட விசுவாசமான ரசிகை அந்த டீமுக்குக் கிடையாது. சொல்லப்போனால் ரசிகையே நான் ஒருத்திதான். கோல்கீப்பர் என் அப்பா. கோல் போடத் தெரிந்த ஒரே ஆள் என் சித்தப்பா.

அந்த ஒரே ஆளையும் ஒரு ஆபீஸ் டீம் கொத்திக்கொண்டு போனது. நன்றாகப் பந்து ஆடுகிறவர்களுக்கு வேலை கொடுத்துத் தங்களுக்காக ஆடவைக்கும் ஆபீஸ் அது. சித்தப்பாவை இன்னும் நிரந்தரம் செய்யவில்லை. இந்த சீசனில் எப்படி ஆடுகிறார் என்று பார்த்துத்தான் முடிவு செய்வார்களாம். அதற்காக அம்மா மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றினாள். எனக்கு வந்ததே கோபம்! எங்களை விட்டு ஓடிப்போனவருக்கு மெழுகுவத்தி ஒரு கேடா?

கடைசி ஆட்டம் அவர்களோடுதான் வந்து வாய்த்தது. டிரா ஆனால் போதும், கீழே இறங்காமல் பி டிவிஷனிலேயே தப்பித்துவிடுவோம். அப்பா அன்று பேய் பிடித்தவர்போல் ஆடினார். வந்த பந்தையெல்லாம் தட்டிவிட்டார். சித்தப்பாவுக்குக் காலே ஓடவில்லை. அவர்களுடைய மேனேஜர் கன்னடத்தில் அவரைக் கன்னாபின்னாவென்று திட்டத் திட்ட, எனக்குக் குளுகுளுவென்று இருந்தது.

ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் அவர்களுக்குப் பெனால்டி கிடைத்தது. மேனேஜர் சித்தப்பாவைக் கைகாட்டி, இந்தத் தடவை எல்லோருக்கும் புரியட்டுமென்று தமிழிலேயே கத்தினார்: "நீயே அடி. இதுவும் போச்சுன்னா நாளைலருந்து ஆபீஸ் பக்கமே வராதே!"

நான் பயப்படவே இல்லை. சர்ச் காம்பவுண்டு சுவரில் கரியால் கோல் வரைந்து இவர்கள் இருவரும் ஆடுவதை எத்தனை நாள் பார்த்திருக்கிறேன்! சித்தப்பா பெனால்டி அடித்தால் அப்பாவின் இடதுகைப் பக்கம்தான் போகும். வேறு பக்கம் அடிக்க அவருக்கு வராது. அப்பா சிரித்துக்கொண்டே பிடிப்பார்.

சித்தப்பா அடித்தார். பந்து இடதுகைப் பக்கமேதான் போனது. அப்பா வலதுபக்கம் பாய்ந்தார்.

என்ன அநியாயம்! மைதானத்துக்குள்ளேயே ஓடினேன். "ப்பா, அவரு எப்பவும் அங்கதானே அடிப்பாரு! உனக்குத் தெரியாதா?"

அப்பா முழங்கால் மண்ணைத் தட்டிக்கொண்டே, "மறந்துட்டேம்மா" என்றார்.

மறந்துவிட்டாராம்! "இன்னாணா, கண்ணத் தொறந்துகினே கவுத்துட்டியே" என்றார் எங்கள் டீம்காரர் ஒருவர். நாங்கள் கீழ் டிவிஷனுக்குப் போனோம். பள்ளிக்கூடத்தில் என்னால் தலைகாட்ட முடியவில்லை. அந்த வயிற்றெரிச்சல் இன்றுவரை ஆறவில்லை. அத்தனை பேர் பாடுபட்டதை ஒருவராக முடிவுசெய்து தானம் கொடுக்க நீ யார் என்று இப்போதும் அப்பாவிடம் சண்டை போடுகிறேன். அவர் இப்போதும் மறந்துபோனதாகத்தான் சொல்கிறார்.

அன்று சாயங்காலம் சித்தப்பா வந்தார். வீட்டுக்குள் வராமல் கேட்டருகே நின்றார். அப்பா வெளியே போனார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சித்தப்பா அப்பாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார்.

"ஜெயிச்சவரு எதுக்கும்மா அழுவுறாரு?" என்று அம்மாவிடம் கேட்டேன்.

"வாய மூடிகினு வந்து சாப்புடு" என்றாள். அவள் கண்ணும் கலங்கியிருந்தது.

அப்பா அவரை நன்றாக நாலு வார்த்தை கேட்டுவிட்டார், அதுதான் அழுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். அப்போதைக்கு மனசு ஆறியது. அன்று இரண்டு தோசை கூடுதலாகவே சாப்பிட்டேன்.