எலி வரும் வழியை அடைக்கிறவன்

எலித் தொல்லைக்கு என்னைக் கூப்பிடுகிறவர்கள் நான் எலியைத் துரத்திக்கொண்டு ஓடுவேன் என்று நினைக்கிறார்கள்; பாதி நாள் தரையில் குப்புறப் படுத்து, டார்ச் அடித்து ஓட்டை தேடுவதுதான் என் வேலை. கீச்சென்ற சத்தத்துக்கு எழுந்து, லைட்டைப் போட்டு, ஒன்றும் காணாமல் மறுபடி படுத்திருக்கிறீர்களா? அப்படியானால் நீங்கள் நம்ம ஆள்.

ஏசி மெக்கானிக்

மந்தைவெளியில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு. இரண்டாம் மாடி மாமி போனிலேயே குரலைத் தாழ்த்திக்கொண்டார். மகளுக்கு வரன் பார்க்கிறார்கள், எலி விஷயம் வெளியே தெரியக்கூடாது. "யாராவது கேட்டா ஏசி ரிப்பேர்னு சொல்லிடுங்கோ." கூண்டைக் கோணிப்பையில் மறைத்து எடுத்துப் போனேன். தண்ணீர்க் குழாய் நுழைகிற ஓட்டை வழியாகத்தான் வந்துகொண்டிருந்தது. அடைத்துவிட்டு இறங்கும்போது கீழ்வீட்டுக்காரர் யார் என்று கேட்டார். மாமி சொன்னபடியே சொன்னேன். என் பையைப் பார்த்தார், அக்கம்பக்கம் பார்த்தார், காதருகே வந்தார். "எங்காத்து ஏசியும் அரிசியைத் தின்னுண்டிருக்கு, செத்த வந்து பாருங்கோளேன்."

டீச்சரின் கம்பு

சாந்தோமில் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர். கணவர் படுத்த படுக்கை. சர்க்கரை வியாதியில் பாதம் மரத்துப்போயிருந்தது. ஒருநாள் காலையில் போர்வையை விலக்கினால் கட்டைவிரலில் ரத்தம். எலி கடித்தது அவருக்கே தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக் கூட்டிவந்த நாளிலிருந்து டீச்சர் கட்டிலருகே நாற்காலி போட்டு, கையில் கம்போடு விடியவிடிய உட்கார்ந்திருக்கிறார். "பக்கத்துலயே படுத்திருந்தேன்பா, எனக்குத் தெரியலையே..." என்றார்.

விஷம் வைக்க எனக்கு மனமில்லை. எங்காவது செத்து நாறினால் அந்த மனுஷருக்குத்தான் கஷ்டம். அரை நாள் தவழ்ந்து தேடினேன். துணி துவைக்கிற இடத்தில், கழிவுக் குழாயைச் சுற்றி இரண்டு விரல் இடைவெளி! கம்பி வலையைத் திணித்து சிமென்ட் பூசினேன். உள்ளே தங்கிவிட்ட ஒன்று மறுநாளே கூண்டில் விழுந்தது. நாலு நாள் கழித்துப் போன் செய்தேன். வெகுநேரம் மணி அடித்த பிறகு எடுத்தார். "மன்னிச்சுக்கப்பா, மணி பத்தாச்சு, இன்னும் தூங்கிக்கிட்டிருந்தேன்."

இடது கை மயில்

தி.நகரில் கல்யாண பிளவுஸ் தைக்கிற பாய் ஒருவர். முகூர்த்தத்துக்கு மூன்று நாள் இருக்கையில் ஒரு பிளவுஸின் இடது கையை எலி குதறிவிட்டது. "அதைப் புடிச்சு என் கண்ணு முன்னால காட்டு" என்று கொதித்தார். மேஜையின் அடி டிராயரை இழுத்தேன். பட்டும் ஜரிகையுமாக ஒரு கூடு. உள்ளே கண் திறக்காத ஐந்து குஞ்சுகள். பாய் குனிந்து பார்த்தார். "நீ பாத்துக்கப்பா" என்று செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

திரும்பி வந்து உட்கார்ந்தவர், கிழிசல் மேல் துணி வைத்து, ஆரி எம்பிராய்டரி ஊசியால் ஒரு மயில் போட்டார். மணப்பெண் வந்தபோது நான் ஷட்டர் இடுக்கில் தகடு அடித்துக்கொண்டிருந்தேன். பாய் எதையும் மறைக்காமல் சொல்லித் தலையைக் குனிந்துகொண்டார். அந்தப் பெண் மயிலைத் தடவிப் பார்த்தாள். "வலது கையையும் எலி கடிச்சிருச்சுன்னு நெனச்சு, இன்னொரு மயில் போட்ருங்க பாய்."

வேலை முடிந்து "போயிட்டு வரேன்" என்று சொன்னால், "தயவுசெஞ்சு வராதீங்க" என்று கும்பிட்டு அனுப்புகிற தொழில் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.