கறுப்பு முக்கோணங்கள்

இரண்டாம் உலக யுத்தம் முடிந்தும் கூப்பனுக்குத்தான் துணி கிடைத்தது. ஜப்பான் விமானங்களுக்குப் பயந்து, இரவில் வெளிச்சம் வெளியே தெரியாமலிருக்க, கொழும்பு வெள்ளவத்தை வீட்டு யன்னல்களில் தொங்கவிட்ட கறுப்புத் திரைகளையும் பழைய சேலைகளையும் முக்கோணங்களாக வெட்டி, வயிற்றுப் பிள்ளைக்குப் போர்வை தைத்தேன். ஒவ்வொரு சதுரமும் பாதி கறுப்பு, பாதி நிறம்.

ஆஸ்பத்திரியிலிருந்து பிள்ளையோடு வந்து பார்த்தால், கணவரின் அக்கா கறுப்பையெல்லாம் பிரித்துக் குப்பைவாளியில் போட்டிருந்தார்.

"பச்சைப்பிள்ளைக்குக் கறுப்புப் போர்த்துறதே? அபசகுனம்."

கணவர் பேப்பரிலிருந்து தலை நிமிர்த்தவில்லை.

நான் பிள்ளையைக் கட்டிலில் கிடத்தினேன். "குண்டு விழுந்த கிழமை எங்கட வீட்டுக்கு ஓடிவந்து, இந்தத் திரைக்குப் பின்னாலதானே மச்சாள் ஒளிச்சிருந்தனீங்கள்? அப்ப அபசகுனமாத் தெரியேல்லையோ?"

வாளியைக் கவிழ்த்து, ஒவ்வொன்றாகப் பொறுக்கித் துவைத்து, மறுபடி தைத்தேன். மகள் அந்தப் போர்வைக்குள்தான் வளர்ந்தாள்.

மச்சாளை மன்னித்து நாளாகிவிட்டது. பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த மனிதரைத்தான் இன்னும் மன்னிக்கவில்லை.