பத்தாவது ஆள்

கல்லூரியில் அவரைப் பூகோளம் என்றுதான் கூப்பிடுவார்கள். நடத்தும் பாடமும் அதுதான், வயிறும் அப்படித்தான். அந்தக் கேலிக்கு முதலில் சிரிப்பவரும் அவரே.

அந்த ஆண்டு மேலிடத்திலிருந்து புது விதி வந்தது. முதலாண்டில் பத்துப் பேர் சேராத பாடத்தை இழுத்து மூடிவிட வேண்டும். பாடம் போனால் வேலையும் போச்சு என்று பூகோளம் தானாகவே முடிவு கட்டிக்கொண்டார். கணினிப் படிப்புகளுக்கு வரிசை படிக்கட்டைத் தாண்டி வெயிலில் நின்றது. இவர் மேசையில் ஈ ஓட்ட வேண்டியிருந்தது. மனிதர் கௌரவம் பார்க்காமல் வாசலுக்கே போய், பஸ்ஸுக்கு ஆள் பிடிக்கிற மாதிரி பிள்ளைகளைக் கூப்பிட்டார்.

"செயற்கைக்கோள் படமெல்லாம் சொல்லித் தருவோம்மா. நல்ல வேலை கிடைக்கும்."

தொண்டை கட்டியபோது ஒன்பது பேர் சேர்ந்திருந்தார்கள். பத்தாவது ஆள் கிடைக்கவில்லை.

அவர் மகளுக்கு அதே கல்லூரியில் டேட்டா சயின்ஸில் இடம் கிடைத்திருந்தது. அதற்காக ராப்பகலாகப் படித்தவள் அவள். அப்பா சாப்பிடாமல் தட்டைத் தள்ளி வைப்பதைப் பார்த்துவிட்டு மெல்லக் கேட்டாள்.

"நான் உங்க பாடத்துல சேர்ந்துடட்டுமாப்பா?"

"உங்க வேலையைக் காப்பாத்த என் பொண்ணுதான் கிடைச்சாளா?" என்று மனைவி பிடிபிடியென்று பிடித்தாள்.

அவர் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பிடித்ததைப் படி என்று எத்தனையோ பிள்ளைகளுக்குச் சொன்ன வாய்தான். அன்றைக்குத் திறக்கவேயில்லை.

மகள் சேர்ந்தாள். அடுத்த ஆண்டு சேர ஆளே வரவில்லை, துறையை மூடிவிட்டார்கள். பூகோளம் அலுவலகத்துக்கு ஓடினார். தலைமை எழுத்தர் சாவகாசமாகச் சொன்னார்:

"ஏன் சார் பதறுறீங்க? நீங்க பர்மனன்ட். ஆன்லைன் படிப்புப் பிரிவுக்கு மாத்திடுவாங்க. போன வருஷமே மூடியிருந்தாலும் இதான் நடந்திருக்கும்."

"அப்ப பிள்ளைங்க?"

"மீதியை வீட்லயே கம்ப்யூட்டர்ல படிச்சு முடிக்கலாம். வேற பாடம் வேணும்னா முதல்ல இருந்து ஆரம்பிக்கணும்."

ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிறவருக்கு, பக்கத்திலேயே இருக்கும் அலுவலகத்தில் போய் இதை முன்பே கேட்கத் தோன்றவில்லை. பயம் வந்துவிட்டால் படிப்பு எங்கே உதவுகிறது?

மற்ற ஒன்பது பேரும் வேறு இடம் பார்த்துக்கொண்டு போனார்கள். "நீயும் மாறிடும்மா" என்று மகளிடம் கெஞ்சினார்.

"இன்னொரு தடவை முதல்ல இருந்தாப்பா? இதையே முடிச்சுடறேன்."

அறையில் தனியாகத் திரை முன்னால் உட்கார்ந்தே பட்டம் வாங்கினாள். பிறகு வேலை தேடி அலைச்சல். ஒரு கம்பெனியில் இன்டர்வியூவுக்குத் துணையாகப் போனவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கதவு சரியாகச் சாத்தவில்லை. உள்ளே யாரோ கேட்டார்கள்:

"ஸ்கூல்ல மார்க்கெல்லாம் பிரமாதமா இருக்கே. கம்ப்யூட்டர் எடுக்காம ஏம்மா இதை எடுத்தீங்க?"

"எனக்குப் பிடிச்சிருந்தது சார். அப்பா வேண்டாம்னுதான் சொன்னாரு. நான்தான் கேக்கல."

பூகோளம் எழுந்து தெருவுக்கு வந்து நின்றுகொண்டார். அவள் வெளியே வந்தபோது அவளை நிமிர்ந்து பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை.