அலை வைத்த எழுத்து

நயினார் ஆல்ட் விசையை விரல் நுனியால் அமுக்குவதில்லை. இடது கட்டைவிரலைப் படுக்கவைத்து, அதன் பக்கவாட்டு எலும்பை விசைமேல் சாய்த்துக்கொள்வார். வலது கை ஓரத்து எண் விசைகளில் தட்டும்போது வாய் முணுமுணுக்கும்: பூச்சியம், ரெண்டு, ரெண்டு, ஏழு. கையை எடுத்ததும் திரையில் எழுத்து விழும். விழுந்ததா என்று பார்க்கமாட்டார். அதற்குள் அடுத்த எழுத்துக்குப் போயிருப்பார்.

தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகிற சாலையில் அவருடைய டைப்பிங் கடை. கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர். விசைப்பலகையில் இடம் கிடைக்காத தமிழ் எழுத்துகளை அவருடைய பழைய எழுத்துருவில் இப்படி எண் கொடுத்துத்தான் வரவழைக்க வேண்டும். உண்மையில் அந்த எண்கள் ஐரோப்பிய எழுத்துகளுக்கு உரியவை. எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் முகம் மாட்டிவைத்திருக்கிறது. எழுத்துரு இல்லாத இடத்தில் முகம் கழன்று, உள்ளே இருக்கிற ã, õ, ç எல்லாம் பல்லிளிக்கும். சிவகாசி அச்சகத்துக்கு மெயிலில் அப்படித்தான் போகும். அங்கே அதே எழுத்துருவைப் போட்டதும் மறுபடி தமிழாகிவிடும். கடை திறந்த நாளிலிருந்து இதுதான் நடைமுறை.

அன்று காலை பக்கத்துத் தெரு மரியசெல்வி செல்போனை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வந்தாள். அவள் கணவன் அருமைநாயகம் சரக்குக் கப்பலில் எஞ்சின் அறை வேலை. ஏணியிலிருந்து விழுந்து, பிரேசிலில் ஒரு துறைமுக ஊர் ஆஸ்பத்திரியில் கிடந்தான்.

"அண்ணாச்சி, அவுகளுக்கு அந்த ஊர்ல விடிஞ்சதும் தலையில ஆப்பரேசன். கண்ணு தெறக்கல, ஆனா காது கேக்குமாம். வீட்டாளுக என்ன சொல்லணுமோ ஆஸ்பத்திரி வெப்சைட்டுல அடிச்சா, எடுத்துட்டுப் போயி அவுககிட்ட சேத்துருவாகளாம். கப்பல் ஏஜெண்ட் ஆபீஸ் செந்தூர்வேல் சொல்லுதான்."

"அவன் அடிச்சுக் குடுக்க மாட்டானாக்கும்?"

"அவன் போன்ல அந்த ஆஸ்பத்திரி பேரையே அடிக்க முடியல. ஏதோ எழுத்துக்குத் தலையில அலை அடிக்கணுமாம்."

நயினார் பார்த்தார். சிரித்தார். "இவனா? இவன் நமக்குப் பழைய சேக்காளிலா." கட்டைவிரல் சாய்ந்தது. பெயர்க் கட்டத்தில் ã விழுந்தது. பக்கம் திறந்துகொண்டது. அனுப்புகிறவர் மெயில் கேட்ட இடத்தில் தன்னுடையதைப் போட்டார்.

"ஏயப்பா! பிரேசில்காரனே ஒங்ககிட்டதான் டைப்பு படிக்கணும்போல."

"நீ சொல்லு தாயி."

அவள் சொல்லச் சொல்ல அவர் தமிழில் அடித்தார். சின்னவளுக்கு முன்பல் விழுந்தது, மாடித் தகரம் மாற்றியது. பிறகு குரல் இறங்கியது. "நீங்க கெளம்பும்போது நான் வெளிய வரல. கோவம்னு நெனச்சிருப்பீய. கோவமில்ல. வந்தா அழுதுருவேன்னுதான் அடுப்படியிலயே நின்னுட்டேன். இதை மட்டும் எப்படியாச்சும் சேத்துருங்க அண்ணாச்சி."

அடித்ததை அள்ளி வலைப்பக்கத்துக் கட்டத்தில் ஒட்டினார். கட்டம் முழுக்க அலையும் வாலும் புள்ளியுமாக நெளிந்தது.

"என்ன அண்ணாச்சி, தமிழையே காணோம்?"

"அங்கன போயி தெறந்தா தமிழாயிரும்" என்று அனுப்புகிற பொத்தானைத் தட்டினார். பச்சைக் குறி வந்தது. அவள் அதைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

மதியம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவர் போனுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து மெயில். செய்தி வந்துசேர்ந்ததாக, அதன் நகலோடு. திறந்தார். அதே நெளிவு. சோற்றுக் கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தார். சிவகாசியில் எழுத்துரு இருந்தது. பிரேசிலில் யாரிடம் இருக்கும்?

கையைக் கழுவியும் கழுவாமலும் கடைக்கு ஓடினார். அவள் சொன்னதை ஆங்கில எழுத்தில் தமிழாகவே அடித்துவிடலாம், யாராவது வாய்விட்டு வாசித்தால் அவனுக்குப் புரியும். அடித்தார். பொத்தான் மங்கிக் கிடந்தது. செந்தூர்வேலை அழைத்தார்.

"நோயாளிக்கு ஒரு நாளைக்கு ஒரு சேதிதான் அண்ணாச்சி. இனி நாளைக்குத்தான்."

"அந்த ஊர் ஏஜெண்டுக்குப் போனைப் போடுடே!"

"போட்டுக்கிட்டேதான் இருக்கேன். அங்க இன்னும் விடியல, எடுக்க மாட்டேங்கான்."

நயினார் மங்கின பொத்தானை மறுபடி மறுபடி தட்டினார். அது அசையவில்லை. கடைக்கு வந்தவர்களிடம் மிஷின் ரிப்பேர் என்றார். வெயில் சாய்ந்தபோது மரியசெல்வி வாசலில் நின்றாள்.

"சேந்திருக்கும்லா அண்ணாச்சி?"

நயினார் திரையை அணைத்தார். "சேந்திருக்கும் தாயி" என்றார்.

மறுநாள் காலையில் செய்தி வந்தது. ஆப்பரேசன் முடிந்து அருமைநாயகம் கண் விழிக்கவேயில்லை. கண்ணீர் அஞ்சலி போஸ்டரை நயினார்தான் அடித்தார், அதே எழுத்துருவில். துக்க வீட்டில் வந்தவர்களிடமெல்லாம் மரியசெல்வி, "நான் சொன்னதைக் கேட்டுட்டுத்தான் போயிருக்காவ" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நயினார் பின்வரிசை நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். யாரோ உட்காரச் சொன்னார்கள். உட்காரவில்லை.

உடல் வந்து அடக்கமான பிறகு வெகுநாள் கழித்து, அந்த ஊர் ஏஜெண்ட் சொன்னதாகச் செந்தூர்வேல் அவரிடம் ஒன்று சொன்னான். ராத்திரி வேலையில் இருந்த நர்ஸ் அந்தச் செய்தியை அச்செடுத்திருக்கிறார். அந்த எழுத்துகளில் பாதி, அந்த ஊர்க்காரர்கள் தங்கள் போர்த்துகீசிய மொழியில் தினமும் எழுதுகிறவை. தங்களுக்கு வாசிக்க வசதியாகக் குடும்பத்தார் தமிழை இப்படி எழுதி அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார். ஆப்பரேசனுக்கு எடுத்துப்போகும் முன் கட்டிலருகே உட்கார்ந்து, ஒரு எழுத்தையும் விடாமல், நிறுத்தி நிறுத்தி, அவன் காதருகே முழுவதையும் வாசித்திருக்கிறார்.