இன், ஆன், ஃப்ரமுக்காக நான் போட்ட சண்டைகள்

இங்கிலீஷ் சொல்லித்தரும் தொழிலில் நீளமான வார்த்தைகள் யாரையும் அழவைப்பதில்லை. இன், ஆன், அட், ஃப்ரம் என்கிற பொடிசுகள்தான் உயிரை வாங்கும். இலக்கணத்தில் இவற்றுக்கு ப்ரெபொசிஷன் என்று பெயர். நீங்களும் எப்போதாவது இவற்றைக் கற்கவோ கற்பிக்கவோ போய் மாட்டிக்கொண்டவர் என்றால், வாருங்கள், நாமெல்லாம் ஒரே ஜாதி.

நான் ஆந்திர எல்லையிலுள்ள நகரிக்காரி. திருப்பதி பஸ் நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில், ஸ்வீட் கடை மாடியில் இருந்த ஒரு ஸ்போக்கன் இங்கிலீஷ் சென்டரில் டீச்சராக இருந்தேன். வகுப்புச் சுவரில் கொட்டை எழுத்தில் ஒரு பலகை: 'இங்கே ஆங்கிலம் மட்டும்'. அந்தப் பலகையோடுதான் என் சண்டை.

கட்டிலிலிருந்து விழுந்தவர்

அமுதா அக்கா நாகலாபுரத்து நர்ஸ். என்னைவிட மூத்தவர், ஆனாலும் மேடம் என்றுதான் கூப்பிடுவார். வளைகுடாவில் ஒரு மருத்துவமனை வேலைக்கு இன்டர்வியூ வரவிருந்தது. அது கிடைத்தால்தான் மூத்த மகளின் படிப்பு நிற்காமல் ஓடும். ஒரு நோயாளியைப் பற்றி இங்கிலீஷில் சொல்லச் சொன்னேன். நோயாளி கட்டிலிலிருந்து விழுந்தார் என்பதைத் தமிழ் வரிசையிலேயே அடுக்கி, "பேஷன்ட் காட் ஃப்ரம் ஃபெல்" என்றார். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அக்கா பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

நான் பலகைக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு தமிழில் பேசினேன். "உக்காருங்கக்கா. நாம 'கட்டில்லருந்து'ன்னு சொல்றோம். 'லருந்து' கட்டிலுக்குப் பின்னால ஒட்டிக்கினு வருது. இங்கிலீஷ்காரன் அதைப் பிச்சு முன்னால வெச்சுட்டான். ஃப்ரம் த காட். ரெண்டும் சேர்ந்து ஒரே மூட்டை, பிரிக்கக் கூடாது. மேஜைமேல, ஆன் த டேபிள். வார்டுல, இன் த வார்டு." அவர் வாய்க்குள் இரண்டு மூன்று முறை சொல்லிப் பார்த்தார். பை கீழே இறங்கியது.

"அடப்பாவிங்களா, இத ஸ்கூல்லயே சொல்லித் தொலைச்சிருந்தா நான் இன்னேரம் லண்டன்ல இருந்திருப்பேனே!"

கேமராவில் தெரிந்த குற்றம்

வகுப்பில் கேமரா உண்டு. மறுநாளே டைரக்டர் கூப்பிட்டார். தெலுங்கர், கோபம் வந்தால் தமிழும் தெலுங்கும் கலந்து வரும். "ஏமண்டி மேடம், கிளாஸ்லோ அரவம் ஏமிட்டி?" என்றார். அரவம் என்றால் தமிழ். "அரவம் மட்டுமில்ல சார், தெலுங்கும்தான் பேசறேன். கட்டில்லருந்துங்கறதுக்கு 'மஞ்சம் நுஞ்சி'ன்னு சொல்றப்ப உங்க நுஞ்சியும் மஞ்சத்துக்குப் பின்னாலதானே வருது? தெரிஞ்சதை வெச்சுதான் தெரியாததைச் சொல்ல முடியும்" என்றேன்.

அவர் மனசுக்குள் 'மஞ்சம் நுஞ்சி' என்று சொல்லிப் பார்த்தது முகத்திலேயே தெரிந்தது. ஒத்துக்கொள்வார் என்று நினைத்தேன். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னார்:

"அதெல்லாம் சரி. உங்க கிளாஸ்ல சிரிப்புச் சத்தம் ரொம்ப கேக்குது. இங்கிலீஷ் கத்துக்கிறவங்க அப்படிச் சிரிக்க மாட்டாங்க."

காருக்கு இன், பஸ்ஸுக்கு ஆன்

முனிரத்தினம் அண்ணன் புத்தலப்பட்டுக்காரர், தனியார் பஸ்ஸில் கண்டக்டர். வடக்கேயிருந்து வரும் யாத்ரீகர்களோடு நாலு வார்த்தை பேசவேண்டும் என்று வகுப்புக்கு வந்தார். காருக்கு இன், பஸ்ஸுக்கு ஏன் ஆன் என்று கேட்டார். குனிந்து நுழைந்து உட்காரும் வண்டிக்கு இன், எழுந்து நிற்கவும் நடக்கவும் இடமிருக்கும் வண்டிக்கு ஆன் என்று விளக்கினேன். தமிழில்தான். கேமராவைப் பார்த்துக்கொண்டேதான்.

அவர் நெற்றியைச் சுருக்கி யோசித்தார்.

"நடக்க இடமா? எங்க பஸ்ல நிக்கவே இடம் கிடையாது மேடம். கிருத்திகைக்கு டாப்புல வேற ஏறி ஒக்காந்துகினு வருவாங்க. உள்ள இருக்கறவன் 'ஆன்'னா, டாப்புல இருக்கறவனுக்கு இன்னா போடறது?"

ஹோட்டல் வாசலில்

அந்த வளைகுடா இன்டர்வியூவுக்கு சென்டர் சார்பில் யாரை அனுப்புவது என்று டைரக்டர் முடிவு செய்த அன்று அமுதா அக்காவின் பெயரை எடுத்துவிட்டார். "தமிழ்ல யோசிச்சு யோசிச்சு பேசறாங்க. சென்டர் பேர் கெட்டுடும்" என்றார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "நைட் டூட்டி பார்த்துட்டு நேரா கிளாஸுக்கு வர்ற பொம்பளை சார் அவங்க. அவங்க போகலைன்னா நாளையிலருந்து நானும் வரலை" என்றேன். அந்த மாதம் வேறு டீச்சர் கிடைக்காததால் அவர் பணிந்தார். என் நியாயத்துக்குப் பணிந்தார் என்று சொல்ல ஆசைதான்.

இன்டர்வியூ ஒரு ஹோட்டல் ஹாலில் நடந்தது. நான் வாசலில் நின்று நகத்தைக் கடித்துத் தீர்த்தேன். அக்கா வெளியே வந்தபோது முகம் வெளிறிப்போயிருந்தது. "ஒரு எடத்துல நின்னுட்டேன் மேடம். வாய்க்குள்ள தமிழ்ல சொல்லிப் பாத்தேன். கேள்வி கேட்டவரு பாத்துட்டாரு. என்ன முணுமுணுக்கிறீங்கன்னு கேட்டாரு" என்றார். நீங்க என்ன சொன்னீங்க என்று கேட்டேன். முதுகை நிமிர்த்திக்கொண்டு, அவரிடம் சொன்னதை அப்படியே சொல்லிக் காட்டினார்:

"திங்கிங் இன் டமில், சார். ஸ்பீக்கிங் இன் இங்கிலீஷ்."

பேனர்

வேலை கிடைத்தது. அக்கா விமானம் ஏறுவதற்குள் சென்டர் வாசலில் பேனர் ஏறிவிட்டது. அவர் படம், கீழே 'செட்டில்டு இன் அப்ராட்', அதற்கும் கீழே 'ஆங்கிலம் மட்டுமே பேசும் வகுப்பில் பயின்றவர்'. இரண்டாவது பச்சைப் பொய். முதலாவது பச்சைத் தப்பு. அப்ராட் என்றாலே வெளிநாட்டில் என்று பொருள். அதற்கு முன்னால் இன் போடவே கூடாது. ப்ரெபொசிஷன் சொல்லித்தரும் கடை வாசலில், வேண்டாத ப்ரெபொசிஷன்!

மாற்றுங்கள் என்று டைரக்டரிடம் கேட்டேன். யார் பார்க்கப்போகிறார்கள் என்றார். ஸ்வீட் கடையில் ஸ்டூல் வாங்கிப் போட்டு ஏறி, அந்த இன் மேலும் அந்தப் பொய் மேலும் கறுப்பு டேப்பை ஒட்டினேன். வகுப்பு முழுக்க மாடிப்படியில் நின்று பார்த்தது. இறங்கியதும், நாளையிலிருந்து வரவேண்டாம் என்றார் டைரக்டர். சரி என்று பையை எடுத்தேன். அவருக்கு நிஜமாகவே புரியவில்லை, பாவம்.

"ஒக்க இன் கோசம் உத்யோகம் வதுலுகுண்டாரா மேடம்? ஒரே ஒரு இன்னுக்காக யாராவது வேலையை விடுவாங்களா?"

விட்டேன், இப்போது சித்தூரில் சொந்தமாக வகுப்பு எடுக்கிறேன், கணக்குப் பார்த்தால் என்னிடம் படித்தவர்களுக்கு வேலை கிடைத்தது, எனக்கு வேலை போனது, இரண்டுமே நல்லதாகத்தான் போயிற்று.